டர்ட்டி ஹாரியை வியாசர்பாடிக்கு மாற்றினால்?

கேள்வி: ஜூன் 6, இரவு 11.20

நேற்றுதான் டர்ட்டி ஹாரி பார்த்தேன். 1971-இல் வந்த படம் என்று நம்பவே முடியவில்லை. இப்படி ஒரே ஒரு இன்ஸ்பெக்டரை வியாசர்பாடி, காசிமேடு பக்கம் போட்டு, கையைக் கட்டாமல் விட்டால் போதும், ஆறே மாதத்தில் வட சென்னை சுத்தமாகிவிடும். கோர்ட்டு, மனித உரிமை என்று குறுக்கே விழுகிறவர்களால்தான் இங்கே எதுவும் நடப்பதில்லை. நம் இயக்குநர்கள் ஏன் இந்த மாதிரிப் படம் எடுப்பதில்லை? வட சென்னைக்காரர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 7, காலை 6.50

ஒருவன் இருக்கிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை, பிழைப்பு பாரிமுனையில். வக்கீல் குமாஸ்தா.

எடுப்பதில்லை என்று யார் சொன்னது? ஐம்பது வருஷமாக இதே படத்தைத்தானே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலதிகாரியை முறைக்கிற போலீஸ், பயந்தாங்கொள்ளி மந்திரி, ஜாமீனில் சிரித்துக்கொண்டே வெளியே வரும் வில்லன், கடைசியில் பாழடைந்த மில்லில் துப்பாக்கிச் சூடு. பின்னி மில்லில் படப்பிடிப்பு நடந்த காலத்தில் அங்கே செத்த வில்லன்களுக்குத் தனியாகச் சுடுகாடே கட்டியிருக்கலாம்.

வேலைக்குக் கிளம்பணும். மிச்சம் ராத்திரி.

ஜூன் 7, இரவு 9.40

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவன் மொட்டை மாடியிலிருந்து ஆட்களைக் குறிபார்த்துச் சுடுகிறான். ஸ்கார்பியோ என்று கையெழுத்துப் போட்டு நகரத்திடம் ஒரு லட்சம் டாலர் கேட்கிறான். அப்புறம் 14 வயதுப் பெண்ணைக் கடத்திக் குழிக்குள் புதைத்துவிட்டு, காற்று தீர்வதற்குள் பணம் வர வேண்டும் என்கிறான். தொகை இப்போது இரண்டு லட்சம். கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ஹாரி காலஹன் பணப்பையோடு ஊர் முழுக்க ஓடி, கடைசியில் அவன் காலில் கத்தியை இறக்குகிறார். அவன் தப்பிவிடுகிறான். காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர் சொன்ன துப்பை வைத்து, அவன் கெஸார் ஸ்டேடியத்தில் தங்கியிருப்பது தெரிகிறது. வாரண்ட் கிடையாது. கேட் ஏறிக் குதித்து, அறைக்குள் புகுந்து, மைதானத்து நடுவில் அவனைச் சுட்டு விழ வைத்து, அந்தக் குத்துப்பட்ட காலையே மிதித்துக்கொண்டு பெண் எங்கே என்று கேட்கிறார் ஹாரி. அவன் வக்கீல் வேண்டும் என்று கத்துகிறான். பெண் ஏற்கெனவே செத்துவிட்டாள்.

அடுத்த காட்சிதான் படத்தின் உயிர். அரசு வழக்கறிஞர் ஹாரியைக் கூப்பிட்டு, அவனை விட்டுவிடப் போகிறோம் என்கிறார். துப்பாக்கி கிடைத்தது சட்டவிரோதச் சோதனையில், அதனால் அது சாட்சியமே ஆகாது. அவன் சொன்னது அடித்து வாங்கியது, அதுவும் ஆகாது. எஸ்கோபீடோ, மிராண்டா என்று வழக்குப் பெயர்களை அடுக்குகிறார். போலீஸ் பிடியில் இருப்பவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளவும் வாயைத் திறக்காமல் இருக்கவும் உரிமை உண்டு என்று 1964, 1966-இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். அதற்கும் முன்னால் 1961-இல் மேப் வழக்கு. சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த பொருளை மாநில நீதிமன்றங்களிலும் பயன்படுத்தக் கூடாது என்று அதில்தான் சொன்னார்கள். படம் வந்தபோது இதெல்லாம் அங்கே சூடான அரசியல். அன்றைக்கு அமெரிக்காவில் பாதிப்பேர் நீதிமன்றத்தின் மேல் கடுப்பில் இருந்தார்கள். அந்தக் கடுப்புக்குக் கோட் மாட்டி, கையில் .44 மேக்னம் துப்பாக்கி கொடுத்ததுதான் ஹாரி.

இப்போது என் கேள்வி. அந்தச் சட்டமே நம் ஊரில் கிடையாதே, அப்புறம் அந்தக் கோபம் மட்டும் எப்படி இங்கே வந்து உட்கார்ந்தது?

ஜூன் 7, இரவு 10.15

“கிடையாது” என்றால் என்ன அர்த்தம், இங்கேயும் வாரண்ட் இருக்கிறதே என்று கொருக்குப்பேட்டை நண்பர் கேட்கிறார்.

இருக்கிறது. ஆனால் பிடியே வேறு. விசாரணை அதிகாரி அவசரம் என்று கருதினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 165, புதியதில் 185. சோதனையே முறைகேடாக நடந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பூரண்மல் வழக்கில் சொல்லிவிட்டது. 1973 டிசம்பர். அது கொலை வழக்குகூட இல்லை, வருமான வரி ரெய்டு. போலீஸ்காரர் வரம்பு மீறினால் அவர் மேல் தனியாக நடவடிக்கை வரலாம், பொருள் என்னவோ கோர்ட்டுக்குள் வந்துவிடும்.

ஆகவே ஸ்கார்பியோவின் துப்பாக்கி இங்கே சிக்கியிருந்தால் அரக்கு முத்திரை வைத்து, மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு அனுப்பி, மாடியில் கிடந்த தோட்டாக் கூட்டோடு ஒப்பிட்டு, அறிக்கை வாங்கி, சா.பொ.1, அதாவது முதல் சான்றுப் பொருள் என்று குறியீடு செய்திருப்பார்கள். ஹாரி பல்லைக் கடிக்கத் தேவையே இருந்திருக்காது. அந்த அரசு வழக்கறிஞர் காட்சியை அப்படியே தமிழில் எடுத்தால், எங்கள் ஆபீஸ் ஜூனியர் பையன்கூட எழுந்து ஆட்சேபணை சொல்வான்.

ஜூன் 8, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வக்கீல் வந்து என்னைக் கிழித்துவிடுவார். பொருள் வேறு, வாக்குமூலம் வேறு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இங்கே 1872-லிருந்தே செல்லாது. வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை என்பதுதான் அதில் வேடிக்கை. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஏதாவது ஒரு பொருள் வெளியே வந்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த வரிகள் மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 27. இப்போது 23-க்குள் போய்விட்டது. ஆபீஸில் இன்னமும் “இருபத்தேழு ரெக்கவரி” என்றுதான் பேசுகிறோம், வாய் மாறவில்லை.

அடித்து வாங்கினால் அந்த வரிகளும் போய்விடும், தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியலமைப்பு 20(3) குறுக்கே வரும் என்று 1961-இலேயே கத்தி காலு ஓகாட் வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அடித்ததை யார் நிரூபிப்பது? அங்கேதான் மாவுக்கட்டு வருகிறது. அதை ராத்திரி எழுதுகிறேன்.

ஜூன் 8, இரவு 10.50

மாவுக்கட்டு.

நம் ஊர்ப் போலீஸ் படத்துக்கு யாராவது உண்மையான பெயர் வைத்தால் இதைத்தான் வைக்க வேண்டும். கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், கை உடைந்தது, மாவுக்கட்டு போடப்பட்டது. மறுநாள் வாட்ஸ்அப்பில் படம். கீழே நூறு கைதட்டல் பொம்மை. சினிமாவில் ஹாரி மிதித்த அந்தக் கால்தான் இங்கே கையில் மாவுக்கட்டாக வந்து நிற்கிறது. குற்றவாளிகள் மட்டும்தான் அந்தப் பாத்ரூமில் வழுக்கி விழுவார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது.

இயக்குநர் டான் சீகல் அந்த மைதானக் காட்சியை எப்படி முடிக்கிறார் என்று இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஹாரி காலை மிதித்ததும் கேமரா கிட்டே போகாது, பின்னால் நகரும். ஹெலிகாப்டரில் மேலே ஏறி ஏறி, இரண்டு பேரும் புள்ளியாகி, மைதானமே பனிமூட்டத்தில் கரைந்துவிடும். லாலோ ஷிஃப்ரினின் இசையும் வெற்றி முழக்கம் கிடையாது, காது கூசுகிற ஒரு சத்தம். இதைப் பார்த்து விசில் அடிக்காதே என்று படமே சொல்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. நம் ஆட்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? ஸ்லோமோஷன், தீப்பொறி, பின்னணியில் குத்துப் பாட்டு.

முதல் முறை இந்தப் படம் பார்த்தது வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த ஒரு ராத்திரி. தெருவே கூடியிருந்தது. டேப்பில் பாதி கோடு, வசனம் யாருக்கும் புரியவில்லை. மிதித்ததும் எல்லோரும் கை தட்டினோம். கேமரா பின்னால் போனதும் டெக்காரன் டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து வந்தான்.

ஜூன் 9, மதியம் 1.30

சாப்பாட்டு இடைவேளை, சின்னதாக ஒன்று. “அப்படியானால் சட்டம் இவ்வளவு வசதியாக இருந்தும் ஏன் கேஸ் தோற்கிறது?” என்று கேட்ட நண்பருக்கு: பிறழ் சாட்சி.

ஜூன் 9, இரவு 9.15

ஒரு வார்த்தையில் முடித்ததற்கு ஏச்சு விழுந்திருக்கிறது. சரி, விரிவாக. பிறழ் சாட்சி என்றால் போலீஸிடம் சொன்னதாக இருப்பதைக் கோர்ட்டில் மறுத்துவிடுகிற சாட்சி.

பெயர், ஊர் வேண்டாம். ஒரு கொலை வழக்கு, செஷன்ஸ் விசாரணை. சம்பவ இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் அ.சா.2, அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி. மகஜரிலும், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதுகிற குறிப்பிலும், அவர் கையெழுத்து. கத்தி கைப்பற்றப்பட்டபோது பக்கத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறினார். கத்தியைக் காட்டினார்கள். பிரவுன் பேப்பரில் சுற்றி, சணல் கட்டி, அரக்கு உதிர்ந்துபோய், பிடியில் டேப் சுற்றிய சாதாரண மீன் வெட்டும் கத்தி. அவர் அதைப் பார்க்கவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கிற பக்கமும் திரும்பவில்லை. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்டார்கள், போட்டேன், வேறு ஒன்றும் தெரியாது என்றார். அரசு வக்கீல் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்தார். நாலு கேள்வி. மறுக்கிறேன், மறுக்கிறேன், மறுக்கிறேன், மறுக்கிறேன்.

வெளியே வராந்தாவில் என்னிடம் தீப்பெட்டி கேட்டார். கை நடுங்கியது. “கடை அங்கேயேதானே இருக்கு சார்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இவருக்கு ஹாரி என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். .44 மேக்னம் வைத்துக்கொண்டு டீக்கடை வாசலில் ஒரு வருஷம் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பாரா? 2018-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, சட்டம் வரும்வரை நாடு முழுக்க அதையே பின்பற்றச் சொன்னது. காகிதத்தில் நல்ல திட்டம். அச்சுறுத்தலின் அளவை மதிப்பிடுவது, வீட்டுக்குக் காவல், தேவைப்பட்டால் இடமாற்றம் எல்லாம் அதில் உண்டு. டீக்கடையை எங்கே இடமாற்றம் செய்வது?

ஜூன் 9, இரவு 9.40

அப்படியே இன்னொன்று. ஸ்கார்பியோ இங்கே வெளியே வந்தே இருக்க மாட்டான். குண்டாஸ் போட்டிருப்பார்கள். 1982-ஆம் வருஷத்து தமிழ்நாடு சட்டம் 14. கமிஷனர் உத்தரவு போட்டால் விசாரணை இல்லாமலே 12 மாதம் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழுமம் பார்க்கும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு உடைப்பவர்களும் உண்டு, அது வேறு கதை. ஹாரிக்குக் கிடைக்காத ஆயுதம் நம் போலீஸுக்கு நாற்பது வருஷமாகக் கையில் இருக்கிறது. அப்படியும் “கையைக் கட்டிவிட்டார்கள்” என்றே படத்தில் வசனம் வருகிறது.

ஜூன் 10, காலை 6.30

ராத்திரி முழுக்கச் சட்டம் பேசிக் கொல்கிறேன் என்று ஒரு புகார். சரி, துரத்தல் காட்சி பேசலாம்.

ஸ்கார்பியோ ஹாரியை ஒரு போன் பூத்திலிருந்து இன்னொரு போன் பூத்துக்கு ஓட விடுவான். மணி அடித்து நிற்பதற்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண் செத்தாள். இதை நம் பக்கம் எடுத்தால் கதை கொருக்குப்பேட்டை கேட்டோடு முடிந்தது. சரக்கு ரயில் ஒன்று வந்து நின்றுவிட்டால் ஹாரி என்ன, கமிஷனரே இறங்கி நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் சுண்டல்காரர் வந்துவிடுவார். மழை நாள் என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். ஸ்கார்பியோவே போன் போட்டு, “சார், நீங்கள் மூலக்கடை வழியாகச் சுற்றி வாருங்கள், நான் காத்திருக்கிறேன்” என்பான்.

இன்னொரு காட்சியில் ஹாரி ஹாட் டாக் தின்றுகொண்டிருக்கும்போது எதிரே பேங்க் கொள்ளை நடக்கும். மென்றுகொண்டே போய்ச் சுடுவார். இங்கே என்றால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, பர்மா நூடுல்ஸ். ஆனால் அத்தோவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற போலீஸை நான் நம்ப மாட்டேன்.

ஜூன் 10, இரவு 11.05

கொடுங்கையூர் நண்பர் எழுதியதைப் படித்தேன். “உங்கள் வீட்டில் ஒருவருக்கு நடந்திருந்தால் இப்படிச் சட்டம் பேசுவீர்களா?” என்கிறார்.

நடந்திருக்கிறது. என் அக்கா விடியற்காலை பால் வாங்கப் போனபோது வண்டியில் வந்த இரண்டு பேர் செயினை அறுத்தார்கள். இழுத்த இழுப்பில் கீழே விழுந்து முழங்கை பெயர்ந்துவிட்டது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, பல நாள் போகவில்லை. அன்றைக்கு எனக்குப் பூரண்மல்லும் தெரியாது, 20(3)-உம் தெரியாது. அவர்கள் கையில் கிடைத்திருந்தால் நான்தான் மாவுக்கட்டுப் போட்டிருப்பேன். மைதானக் காட்சியில் கை தட்டுகிறவனை என்னால் கீழ்த்தரமாகப் பார்க்க முடியாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு என்ன தேவைப்பட்டது தெரியுமா? எஃப்.ஐ.ஆர். போடுகிற ஒரு ஏட்டு. போன ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, செயின் எத்தனை சவரன், பில் இருக்கிறதா, எதற்கு அந்த நேரத்தில் போனீர்கள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போடவே எங்கள் வக்கீல் பேச வேண்டியிருந்தது. கடைசியில் பிடித்துக் கொடுத்தவர் ஒரு குற்றப்பிரிவு எஸ்.ஐ. தெருத் தெருவாகக் கடைக்கடையாக ஏறி சிசிடிவி பதிவு வாங்கி, வண்டியின் பின்பக்க ஸ்டிக்கரை வைத்து ஆளைத் தூக்கினார். தொப்பையும் ரப்பர் செருப்பும். ஒரு பஞ்ச் வசனம் வாயில் வராது. செயினை அடகுக் கடையில் உருக்கிவிட்டிருந்தார்கள். கட்டித் தங்கமாகக் கோர்ட்டில் கிடந்து, பிறகு மனு போட்டு வாங்கினோம்.

இவரை வைத்து யாரும் படம் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் முதல் ஷோவுக்கு நான் போவேன், என்னோடு சேர்த்து ஆறு பேர் இருப்பார்கள்.

ஜூன் 11, காலை 7.20

எங்கே பார்ப்பது என்கிறீர்களா? அதுவும் நியாயமான கேள்விதான். 1967-இல் திறந்த தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020-இல் மூடிவிட்டார்கள்.

ஜூன் 11, இரவு 10.20

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். “ஊர் சுத்தமாகும் என்றுதானே சொன்னேன், அதில் என்ன தப்பு” என்கிறார்.

அந்தச் “சுத்தம்”தான் எனக்கு இடிக்கிறது. படத்தில் ஸ்கார்பியோவுக்குப் பெயர் கிடையாது. எந்தத் தெரு, எந்தச் சாதி, அம்மா யார், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆண்ட்ரூ ராபின்சன் நடித்திருப்பார். டைட்டிலில்கூட வெறும் “கொலையாளி” என்றுதான் வரும். படம் பார்த்துவிட்டு சான் பிரான்சிஸ்கோவின் எந்தப் பேட்டையையும் யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை. நம் படத்தில் வில்லனுக்கு முதலில் வைப்பதே முகவரி. காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு. குப்பைமேடு, ரயில் பாதை, கூவம், உடனே ஒரு அரிவாள். ஊரே குற்றவாளி, அதில் ஒருவனை மட்டும் கடைசியில் சுடுகிறார்கள்.

இது சும்மா சினிமாப் பேச்சு இல்லை. என் பையனுக்கு வேலை நேர்காணல். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு, “அந்தப் பக்கமெல்லாம் இப்போ எப்படி, சேஃபா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம் எதிரே இருந்தவர். வாடகை வீடு தேடித் தெற்கே போன என் தம்பியிடம், எந்த ஊர் என்ற கேள்விக்கு வண்ணாரப்பேட்டை என்று சொன்னதும் வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியதாம். அந்தம்மா வண்ணாரப்பேட்டையைப் பார்த்ததே இல்லை. திரையில் பார்த்திருக்கிறார்.

இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் கேரம் போர்டிலிருந்து ஆரம்பிப்பேன். 2024 நவம்பரில் உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். போட்டி நடந்தது ஹாரியின் கலிஃபோர்னியாவில். அவர் ஊருக்கு நம் ஆள் ஒருவர் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தாயிற்று.

ஜூன் 12, காலை 6.45

ஸ்கார்பியோ யாரை வைத்து எழுதியது என்ற கேள்வி. ஸோடியாக். 1968, 69-இல் அந்த வட்டாரத்தில் ஆட்களைக் கொன்று, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவன். பள்ளிப் பேருந்தின் டயரைச் சுட்டு, இறங்கும் குழந்தைகளைச் சுடுவேன் என்று ஒரு கடிதத்தில் மிரட்டினான். படத்தின் கடைசிப் பகுதியில் ஸ்கார்பியோ பள்ளிப் பேருந்தைக் கடத்துவது அங்கிருந்து வந்ததுதான். நிஜத்தில் அவன் மாட்டவே இல்லை. சட்டம் விட்டதால் தப்பியவன் கிடையாது, யாரென்றே தெரியாமல் போனவன். வாரண்ட், மிராண்டா எதுவும் அங்கே பிரச்சினையே இல்லை. ஊர் பயந்து கிடந்த சமயத்தில் ஒரு படம் வந்து, அவன் பிடிபட்டான், வக்கீல்கள்தான் விட்டுவிட்டார்கள் என்று கதை சொன்னது. கெட்டிக்காரத்தனமான திசைதிருப்பல்.

மிராண்டா என்கிற அந்த ஆளைப் பற்றியும் ஒன்று. தீர்ப்பால் அவன் தப்பித்துவிட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். வாக்குமூலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி விசாரித்து, 1967-இல் திரும்பவும் தண்டனை கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்தபிறகு 1976-இல் ஃபீனிக்ஸில் ஒரு பார் சண்டையில் குத்துப்பட்டுச் செத்தான். அந்தக் கொலையில் சந்தேகத்தின் பேரில் பிடித்த ஆளுக்குப் போலீஸ் வாசித்துக் காட்டியது மிராண்டா உரிமைகளைத்தான்.

ஜூன் 12, இரவு 10.00

“குழந்தை உயிர் போகிற நேரத்தில் சட்டப் புத்தகம் பார்ப்பீர்களா?” இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 1980-இல் கார்ல் கிளாக்கர்ஸ் என்ற பேராசிரியர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே “டர்ட்டி ஹாரி சிக்கல்”. நல்ல காரியத்துக்கு அழுக்கான வழி ஒன்றுதான் இருக்கிறது என்றால் போலீஸ் என்ன செய்வது என்பதுதான் அந்தச் சிக்கல்.

நிஜத்தில் அப்படியே ஒன்று நடந்தது. ஜெர்மனி, பிராங்க்ஃபர்ட், 2002. 11 வயதுப் பையனைக் கடத்திப் பணம் வாங்கிய ஒருவன் மாட்டிக்கொண்டான். அவன் ஒரு சட்டக் கல்லூரி மாணவன் என்பது கூடுதல் கொடுமை. பையன் எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறான். தாங்க முடியாத வலி கொடுப்போம் என்று மிரட்டச் சொல்லி போலீஸ் துணைத் தலைவர் உத்தரவு போட்டார். போட்டதோடு, தான் உத்தரவு போட்டதைக் கோப்பில் எழுதியும் வைத்தார். அவன் இடத்தைச் சொன்னான். பையன் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தான். கடத்தியவனுக்கு ஆயுள் தண்டனை. உத்தரவு போட்ட அதிகாரியையும் 2004-இல் குற்றவாளி என்றது நீதிமன்றம், நிறுத்தி வைக்கப்பட்ட அபராதம் மட்டும் விதித்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல், மிரட்டியது தவறு, ஆனால் விசாரணை நியாயமாகவே நடந்தது என்றது. மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டார்கள், அவனே நீதிமன்றத்தில் மறுபடி ஒப்புக்கொண்டான்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கோப்புக் குறிப்பு. செய்தேன், நான்தான் செய்தேன், என்ன தண்டனையோ கொடுங்கள் என்கிற மாதிரி. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதவில்லை பாருங்கள். ஹாரியும் கடைசியில் ஸ்கார்பியோவைச் சுட்டுக் கொன்றுவிட்டு பேட்ஜைக் கழற்றித் தண்ணீரில் எறிவது ஏறக்குறைய இந்தக் கணக்குதான். நம் ஹீரோவுக்கு அந்த இடத்தில் பதவி உயர்வு, மெடல், கூட ஒரு டூயட்.

ஜூன் 13, இரவு 9.50

என்கவுன்டர் பற்றிப் பேச மாட்டீர்களா என்று மூன்று பேர். பேசுகிறேன், சுருக்கமாக.

2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளைக் கொடுத்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், வேறு பிரிவோ வேறு ஸ்டேஷனோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு வீரப் பதக்கமோ வரிசை தாண்டிய பதவி உயர்வோ கூடாது. கடைசி விஷயத்தைப் படித்தபோது சினிமாவையும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது.

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டதும் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கடைகள் அடைப்பு, எங்கே பார்த்தாலும் பந்தோபஸ்து. அடுத்த வாரம், 14-ஆம் தேதி, கைதானவர்களில் ஒருவர் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப் போனபோது தங்களை நோக்கிச் சுட்டார் என்பது போலீஸ் தரப்பு. எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. என் புத்தி குமாஸ்தா புத்தி. கொலை வழக்கில் முதலில் கேட்பது, பின்னால் யார் என்பது. அந்தக் கேள்வியை அந்த ஒருவரிடம் இனிக் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையும் செய்ய முடியாது.

ஜூன் 14, காலை 8.10

பாசிசப் படம் என்று அப்போதே எழுதினார்களாமே, உண்மையா என்கிறார் திருவொற்றியூர் நண்பர். உண்மை. நியூயார்க்கரில் பாலின் கேல் அந்த வார்த்தையைப் போட்டே கிழித்தார். 2012-இல் அதே படத்தை அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாகவும் சேர்த்தார்கள். இரண்டையும் நான் ஒத்துக்கொள்வேன்.

ஜூன் 14, இரவு 10.30

அடுத்த பாகங்களில் எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு. மொத்தம் ஐந்து: 1971, 73, 76, 83, 88. இரண்டாவதான மேக்னம் ஃபோர்ஸை அவசியம் பாருங்கள். அதில் இளம் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் திரிந்து, கோர்ட்டில் தப்பியவர்களைத் தீர்த்துக்கட்டுவார்கள். ஹாரி அவர்களுக்கு எதிராக நிற்பார். நம் கேள்வியாளர் ஆசைப்பட்ட “சுத்தம்” முழுசாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் நல்ல காட்சி இருக்கிறது, கோர்ட்டில் தப்பிய ஒருவனின் கார் போலீஸ் சீருடையைப் பார்த்ததும் ஓரம் கட்டுகிறதே, அந்த இடம். தமிழில் முதல் பாகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தார்கள், இரண்டாவதை அவ்வளவாகத் தொடவில்லை.

மற்ற மூன்றில் 83-இல் வந்த சடன் இம்பாக்ட் ஈஸ்ட்வுட்டே இயக்கியது, அதைப் பார்க்கலாம். கடைசி பாகத்தில் பொம்மைக் கார் ஒன்று நிஜக் காரைத் துரத்தும், பேரப்பிள்ளைகளோடு பார்க்க ஏற்றது.

ஜூன் 14, இரவு 10.40

பிரிவு எண்களைக் குறித்துக்கொண்ட சட்டக் கல்லூரித் தம்பிக்கு: புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவங்களில் பழைய பிரிவுகளும் கூடவே ஓடும். 27-ஐ அடித்துவிட்டு 23 என்று மட்டும் எழுதாதே, இரண்டையும் எழுதி வை.